ஐந்தாவது துளை

பூட்டு மாற்றுகிறவன் நான்.
வங்கி அனுப்பும் தாளில் முகவரி இருக்கும்,
ஆள் இருக்கமாட்டார்.
இரண்டாயிரத்து ஒன்பது, பிப்ரவரி.
வாபாஷ் நதி பாதி உறைந்து கிடந்த வாரத்தில்
பதினொரு வீடுகள்.
கடைசி வீடு, சைக்கமோர் தெரு, 418.

துணை ஷெரீப் டட்லி ஹார்ம்ஸ்
காரைவிட்டு இறங்கவில்லை.
அவர் மனைவியும் இந்த வீட்டுக்காரியும்
ஒரே தேவாலயத்தில் பாடுகிறவர்கள்.
"சீக்கிரம் முடி" என்றார்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஓக் மரக் கதவு. என்னைவிடக் கனம்.
பித்தளைத் தகட்டைக் கழற்றினேன்.
உள்ளே மரம் நொய்ந்திருந்தது, திருகாணி பிடிக்காது.
வேறு இடம் தேடிச் சாயத்தைச் சுரண்டினால்
பச்சை, வெள்ளை,
போர்க்கப்பலுக்கு அடிக்கிற சாம்பல்,
மறுபடி பச்சை.
அடியில், மரக்கட்டை செருகி அடைத்த
மூன்று பழைய துளைகள்,
ஒன்றின்மேல் ஒன்றாக,
சட்டைப் பொத்தான்கள் மாதிரி.

துளையைப் பார்த்தால் எனக்கு வருடம் தெரியும்.
தொழில் அது.
அடியில் இருப்பது இரும்புப் பூட்டின் அகலம்:
ரயில் கம்பெனிப் பத்திரங்கள்
அடுப்பெரிக்க மட்டுமே உதவிய
எழுபத்து மூன்றாம் வருடத்துக் குளிர்காலம்.
அதற்கு மேலே, இருபது வருடம் தள்ளி இன்னொன்று.
மூன்றாவது, வங்கிகள் எல்லாம் கதவடைத்த மார்ச்சில்.
நான் கழற்றிய நான்காவது
கடற்படையிலிருந்து திரும்பிய எவனோ
சாம்பல் சாயத்தோடு கொண்டுவந்தது.

வருடம் தெரியும். ஒன்று மட்டும் தெரியாது:
வெளியே போனவளுக்கு எதிராக இட்டதா,
உள்ளே வந்தவன் இட்டதா.
துளை இரண்டுக்கும் ஒரே அளவு.

வேனில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.
ஒருவர் விளக்கினார்:
எண்பது வருடத்துக்கு ஒருமுறை இந்த நாடு
இலையுதிர்க்கும், பனிமூடும்,
பிறகு தளிர்விடும்,
பொறுத்திருந்தால் போதும்.
அணைத்தேன்.
பனி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டுவதில்லை.
தளிரும் எல்லாத் தெருவிலும் விட்டதில்லை.
ரான்சம் பீக் என்று ஒருவர்,
ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்,
அதே போர், அதே கப்பல்,
கையில் அதே கடன் தாள்.
கறுப்பர் என்பதால் வங்கியின் கண்ணாடிக் கதவு
அவருக்குத் தள்ளினாலும் திறக்கவில்லை, இழுத்தாலும் இல்லை.
சக்கரம் சுற்றுகிறது என்பவர்கள்
அதன் அடியில் கிடக்கும் சாலையைக் கேட்கவேண்டும்.

ஐந்தாவது துளையை
நான்கு அங்குலம் மேலே போட்டேன்.
ஓக் தூள் கருவாடு மாதிரி மணக்கவில்லை, பூ மாதிரியும் இல்லை.
பழைய மரம், அவ்வளவுதான்.
சமையலறை மேடையில்
டார்லா விட்சல் சாவியை வைத்துவிட்டுப் போயிருந்தாள்,
மின் கட்டண உறையின் பின்புறம் ஒரு குறிப்போடு:
"குளிரில் மேல் கீல் முனகும்.
லேசாகத் தூக்கித் திறக்கவும்."
யாருக்கு எழுதினாள்?
எனக்கில்லை. வங்கிக்கும் இல்லை.
வேலைப்பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு போன்.
அதே முகவரி.
மிர்லாண்ட் எக்சாந்துஸ்,
ஹைட்டியிலிருந்து வந்தவள்,
பன்றி இறைச்சி ஆலையில் இரவு ஷிஃப்ட்.
கை விரல்கள் இன்னும் ஆலையின் குளிரில்தான் இருந்தன.
"பூட்டு புதுசுதான்" என்றேன், "நான் போட்டது."
"அதனால்தான் மாற்றச் சொல்கிறேன்" என்றாள்.

குறிப்பை எடுக்கப் பெட்டிக்குள் கைவிட்டேன்.
அதற்குள் அவள்
இடுப்பில் பிள்ளையோடு
கதவைத் தோளால் லேசாகத் தூக்கித்
திறந்துவிட்டாள்.

உருளையை மட்டும் மாற்றினேன். துளை அதேதான்.
கூலியில் பத்து டாலர் குறைத்தேன்.
ஏன் என்று கேட்டாள்,
மரம் நல்ல மரம் என்றேன்.
ஐந்தாவதற்கு மேலே இன்னும்
இரண்டு பூட்டுக்கு இடமிருக்கிறது.
அளந்துவிட்டேன்.
சொல்லவில்லை.